பழைய டேப் இமேஜிலிருந்து வேண்டிய கோப்பை மட்டும் எடுப்பது எப்படி?

2025-இன் கடைசி மாதங்களில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கிடைத்த ஒரு காந்த டேப் செய்தியானது. பெல் லேப்ஸிலிருந்து 1970-களில் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் நான்காம் பதிப்பு அதில் இருந்தது. கலிபோர்னியாவில் இருக்கும் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் அதைப் படித்து, இமேஜாக்கி (டேப்பில் இருந்ததை அப்படியே ஒரே கணினிக் கோப்பாக்கி), இணையத்திலும் போட்டுவிட்டார்கள். இதைப் போல ஆயிரக்கணக்கான டேப் இமேஜ்கள் பிட்சேவர்ஸ் தளத்திலும் யூனிக்ஸ் வரலாற்றுக் காப்பகத்திலும் கிடக்கின்றன. ஆசையாக ஒன்றை இறக்குகிறோம். இருமுறை சொடுக்கினால் ஒன்றும் திறக்காது. ஜிப் மென்பொருளுக்கும் தெரியாது, கோப்புகளை ஒரே தொகுப்பாகக் கட்டிப் பிரிக்கும் டார் கட்டளையும் பிழை சொல்லும். அங்கே மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

தேவையானவை மூன்று: லினக்ஸ் அல்லது மேக் கணினி, கொஞ்சம் பைத்தான், பைட்டுகளைத் தனித்தனியாகப் பார்க்க ஒரு கருவி. மூன்றாவதற்கு ஓடி (od) கட்டளையே போதும். ஒவ்வொரு பைட்டையும் 0 முதல் 255 வரையிலான எண்ணாகக் காட்டச் சொல்லுங்கள். கீழே நான் சொல்லும் பைட் மதிப்புகள் எல்லாம் அந்தப் பத்தடிமான எண்கள்தான்.

டேப்பில் எழுதியது எப்படி இருந்தது

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பிற்பாடு வரும் குழப்பங்களில் பாதி இது தெரியாததால் வருவதுதான்.

ஐபிஎம் 1964-இல் சிஸ்டம் 360-உடன் கொண்டுவந்த ஒன்பது தட டேப் அரை அங்குல அகலம் கொண்டது. பெரிய ரீலில் 2400 அடி இருக்கும். தகவல் அதில் நீளமாக, இடைவிடாமல் எழுதப்படவில்லை. ரெக்கார்டு ரெக்கார்டாக எழுதப்பட்டது. ஒரு ரெக்கார்டை எழுதியதும் டிரைவ் நிற்கும், அடுத்ததற்கு மறுபடி கிளம்பும். நின்று கிளம்ப இடம் வேண்டும் என்பதால் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் நடுவே காலி இடம் விடுவார்கள். அங்குலத்துக்கு 800 பைட் அடர்த்தி கொண்ட டேப்பில் அந்த இடைவெளி சுமார் 0.6 அங்குலம். 512 பைட் ரெக்கார்டு பிடிக்கும் நீளமே 0.64 அங்குலம்தான். அதாவது டேப்பில் கிட்டத்தட்ட பாதி வெற்றிடம். 80 பைட் ரெக்கார்டு என்றால் 0.1 அங்குலத் தகவலுக்கு 0.6 அங்குலம் வீண். அதனால்தான் பெரிய பெரிய ரெக்கார்டாக எழுதும் பழக்கம் வந்தது. டார் இன்றைக்கும் 512 பைட் கொண்ட 20 பிளாக்கைச் சேர்த்து 10240 பைட்டாக எழுதுவது அந்தக் காலத்து மிச்சம்.

டேப்பில் இன்னொன்றும் உண்டு: டேப் மார்க். 'இங்கே ஒரு பகுதி முடிந்தது' என்று டிரைவ் போடும் தனி அடையாளம். இரண்டு டேப் மார்க்குகளுக்கு நடுவே இருப்பதை டேப் கோப்பு என்பார்கள். கவனியுங்கள், நாம் தேடும் கோப்பும் இதுவும் ஒன்றல்ல. ஒரு டேப் கோப்புக்குள் முழு டார் தொகுப்பே இருக்கும், அதற்குள் நூற்றுக்கணக்கான கோப்புகள் இருக்கும். கட்டுரை முழுக்க 'டேப் கோப்பு' என்று சொல்லும்போது மார்க்குகளுக்கு நடுவே இருப்பதையே சொல்கிறேன்.

இந்த டேப்பை அப்படியே வட்டில் வைத்தால் ரெக்கார்டு எங்கே முடிந்தது, மார்க் எங்கே இருந்தது என்ற விவரம் காணாமல் போய்விடும். அதைக் காப்பாற்றத்தான் கொள்கலன் வடிவங்கள் வந்தன. ஆக, நமக்கு முன்னால் மூன்று அடுக்கு: வெளியே கொள்கலன், அதற்குள் டேப் கோப்புகள், அவற்றுக்குள் ஏதோ ஒரு தொகுப்பு வடிவம். டார் பிழை சொன்னதற்குக் காரணம், நாம் மூன்றாவது அடுக்குக்கான கருவியை முதல் அடுக்கிடம் காட்டியதுதான்.

கொள்கலன் எது என்று கண்டுபிடிப்பது

கோப்பின் பின்னொட்டை நம்ப வேண்டாம். டேப் (.tap) என்று முடியும் பின்னொட்டு காமடோர் 64, ஸ்பெக்ட்ரம் விளையாட்டு கேசட்டுகளுக்கும் உண்டு; அவை முற்றிலும் வேறு வடிவங்கள். காமடோர் கோப்பு தன் பெயரையே எழுத்தாகத் தொடக்கத்தில் எழுதி வைத்திருக்கும். ஸ்பெக்ட்ரம் கோப்பு பெரும்பாலும் 19, 0, 0 என்று தொடங்கும். அப்படி இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது.

பெரிய கணினி டேப்புகளில் அதிகம் பார்க்கக் கிடைப்பது சிம்எச் வடிவம். பாப் சுப்னிக் 1990-களில் தொடங்கிய சிம்எச் எமுலேட்டருக்காக, அதாவது பழைய கணினிகளைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளுக்காக வந்தது, பிறகு பொது வழக்காகிவிட்டது. சரக்கு ரயிலில் ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னாலும் பின்னாலும் எடையை எழுதி வைத்ததுபோல, ரெக்கார்டின் இரு பக்கமும் நான்கு பைட்டில் அதன் நீளம் இருக்கும். பின்னாலும் எதற்கு என்றால், டேப் டிரைவ் பின்னோக்கியும் நகரும். எமுலேட்டரும் அதைச் செய்ய வேண்டும். நீளத்தில் சிறிய பைட் முதலில் வரும். 10240 பைட் ரெக்கார்டில் தொடங்கும் இமேஜின் முதல் நான்கு பைட் 0, 40, 0, 0 (40 முறை 256). 512 என்றால் 0, 2, 0, 0. 80 என்றால் 80, 0, 0, 0.

அடுத்து ஐபிஎம் உலகத்து ஏடபிள்யூஎஸ். ஐபிஎம் பெருங்கணினிகளுக்கான ஹெர்குலிஸ் எமுலேட்டர் பயன்படுத்துவோருக்குப் பழக்கமானது. இதில் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் மட்டும் ஆறு பைட்: இரண்டு பைட்டில் இந்தத் துண்டின் நீளம், இரண்டில் முந்தையதன் நீளம், மீதி இரண்டு கொடிகள். கொடியில் 128 என்றால் ரெக்கார்டு இங்கே தொடங்குகிறது, 32 என்றால் இங்கே முடிகிறது, 64 என்றால் டேப் மார்க். முழு ரெக்கார்டும் ஒரே துண்டாக இருந்தால் 128, 32 இரண்டும் சேர்ந்து 160.

இப்போது ஒரு சின்னச் சிக்கல். 80 பைட் ரெக்கார்டில் தொடங்கும் டேப் இரண்டு வடிவத்திலும் 80, 0, 0, 0 என்றே தொடங்கும். ஐந்தாவது, ஆறாவது பைட்டைப் பாருங்கள். 160, 0 என்று இருந்தால் ஏடபிள்யூஎஸ். உடனே தகவல் தொடங்கினால் சிம்எச். 160-க்குப் பதில் 161 அல்லது 162 இருந்தால் ஹெச்இடி, அதாவது உள்ளே சுருக்கப்பட்ட ஏடபிள்யூஎஸ். இதைக் கையால் பிரிக்க முயல வேண்டாம். ஹெர்குலிஸுடன் வரும் துணைக் கருவிகளிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொரு ஜாதியும் கண்ணில் படும். இமேஜின் தொடக்கத்தில் 12 எழுத்துகள், பதினாறடிமான இலக்கங்களாக, கண்ணால் படிக்கும்படி இருக்கும். இந்த ரெக்கார்டின் நீளம், முந்தையதன் நீளம், சரிபார்ப்பு ஆகியவை நான்கு நான்கு எழுத்தாக அதில் இருக்கும். இது ஃபேக்டேப். அரிதுதான், ஆனால் பார்த்ததும் தெரிந்துவிடும்.

பிரிக்கும் முன் வரைபடம்

புதிதாக வருபவர்கள் செய்யும் வேலை, கொள்கலன் தெரிந்ததும் நீள எண்களைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லாத் தகவலையும் ஒரே கோப்பாக ஒட்டுவது. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். ரெக்கார்டு நீளங்களும் டேப் மார்க்குகளும்தான் உள்ளே இருப்பது என்ன என்பதற்கு நம்மிடம் இருக்கும் முதல் துப்பு. ஒட்டிவிட்டால் அது போச்சு.

முதலில் ஒன்றும் எழுதாமல், நீளங்களை மட்டும் அச்சிடும் சின்ன நிரல் எழுதுங்கள். சிம்எச் வடிவத்துக்கு அது செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. நான்கு பைட் படிக்கவும். நான்கும் 0 என்றால் டேப் மார்க். குறித்துக்கொண்டு மேலே போகவும்.
2. நான்கும் 255 என்றால் இமேஜ் முடிந்தது. முதல் பைட் 254, மற்ற மூன்றும் 255 என்றால் அழிக்கப்பட்ட வெற்றிடம். அந்த நான்கை மட்டும் தாண்டவும்.
3. வேறு எதுவானாலும் அது நீளம். முதல் மூன்று பைட்டில் நீளத்தை எடுக்கவும். நான்காவது பைட் 128 அல்லது அதற்கு மேல் இருந்தால், டேப்பைப் படித்தபோது அந்த ரெக்கார்டில் பிழை வந்திருக்கிறது. ரெக்கார்டை விடாமல், பிழை என்று மட்டும் குறிக்கவும்.
4. அத்தனை பைட் தாண்டவும். நீளம் ஒற்றைப்படை என்றால் இன்னும் ஒரு பைட் தாண்டவும்.
5. மறுபடி நான்கு பைட் படிக்கவும். முன்னால் படித்த அதே நான்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தின் எண்ணைச் சொல்லிவிட்டு நிற்கவும்.

ஐந்தாவது படி ரொம்ப முக்கியம். முன்னும் பின்னும் பொருந்தும் வரை நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள் என்று உறுதியாகச் சொல்லலாம். ஒற்றைப்படை நீளமுள்ள ரெக்கார்டு வந்ததும் ஒரு பைட் பிசகினால், உங்களிடம் இருப்பது இ11 எமுலேட்டரின் வடிவம். சிம்எச் போலவேதான், ஒற்றைப்படைக்குக் கூடுதல் பைட் மட்டும் கிடையாது. நான்காம் படியின் இரண்டாம் பாதியை நீக்கினால் சரியாகிவிடும். நிரல் ஆரம்பத்திலேயே கண்டபடி தடுமாறினால், 13, 10 என்ற ஜோடி இமேஜ் முழுக்க அளவுக்கு மீறித் தெரிகிறதா என்று பாருங்கள். யாரோ எப்போதோ எஃப்டிபியில் எழுத்து முறையில் அனுப்பிக் கெடுத்திருக்கலாம். அதைச் சீர்செய்வதில் நேரத்தைச் செலவிடாமல் வேறு பிரதி தேடுவதே நல்லது.

வரைபடம் வந்ததும் ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். 1986-இல் வாக்ஸ் கணினிகளுக்கு வந்த 4.3 பிஎஸ்டி (பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ்) டேப்பை எடுத்துக்கொள்வோம். முதல் டேப் கோப்பில் 512 பைட் ரெக்கார்டுகள்: கணினியைத் துவக்கும் நிரல்கள். அப்புறம் 10240 பைட் ரெக்கார்டுகளாக அடுத்தடுத்து டேப் கோப்புகள்: நிறுவுவதற்கான குட்டிக் கோப்பு முறைமை, ரூட் பகுதியின் டம்ப் (கோப்பு முறைமையின் காப்பு நகல்), யூஎஸ்ஆர் பகுதியின் டார். நீளம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒவ்வொன்றும் வேறு வேறு. நீங்கள் தேடுவது ஒரு மேன் பக்கம் (கட்டளைக்கான கையேட்டுப் பக்கம்) என்றால் டார் இருக்கும் டேப் கோப்பு மட்டும் போதும், மற்றதைத் தொடவே வேண்டாம்.

வேறு சில முகங்கள்: 80, 80, 80, மார்க், ஏராளமான ஒரே நீள ரெக்கார்டுகள், மார்க், 80, 80, மார்க் என்று வந்தால் அது லேபிள் போட்ட டேப், அதாவது கோப்பின் பெயர், தேதி போன்ற விவரங்களைத் தனி ரெக்கார்டுகளில் எழுதியது. 14 பைட் ரெக்கார்டு ஒன்று, பிறகு 512 பைட் ரெக்கார்டுகள், மார்க், மறுபடி 14 என்று வந்தால் டெக் நிறுவனத்தின் டாஸ்-11 வடிவம். அதே நிறுவனத்தின் ஆர்எஸ்டிஎஸ் இயங்குதள டேப்புகளிலும் இதைப் பார்க்கலாம். 2590 பைட் ரெக்கார்டுகள் என்றால் டாப்ஸ்-20 இயங்குதளத்தின் டம்பர் என்ற காப்பு நிரல் எழுதியது. 518 கணினிச் சொற்கள் (36 பிட் அலகுகள்), சொல்லுக்கு ஐந்து பைட். 32256 அல்லது 8192 பைட் ரெக்கார்டுகள் லேபிள்களுக்கு நடுவே இருந்தால் டெக்கின் விஎம்எஸ் இயங்குதளத்து பேக்கப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு மார்க் அடுத்தடுத்து வந்தால் டேப் முடிந்தது என்பது மரபு. உங்கள் நிரல் அதை நம்பி நிற்கக் கூடாது. காரணம் இரண்டு. லேபிள் போட்ட டேப்பில் காலிக் கோப்பு ஒன்று இருந்தாலே இரண்டு மார்க் ஒட்டி வரும். அதோடு, ஒரு நீள டேப்பின் மேல் பிற்பாடு யாரோ குட்டித் தொகுப்பு ஒன்றை எழுதியிருந்தால், இரட்டை மார்க்குக்குப் பின்னால் பழைய தகவலின் மிச்சம் அப்படியே இருக்கும். உண்மையில் சுவாரசியமான விஷயங்கள் பல நேரம் அங்கேதான் அகப்படும்.

டேப் கோப்புகளாக உடைப்பது

இப்போது அதே நிரலில் எழுதும் பகுதியைச் சேருங்கள். ஒவ்வொரு மார்க் வரும்போதும் பழைய கோப்பை மூடி, 000, 001, 002 என்று புதியதைத் திறந்து, ரெக்கார்டின் தகவலை மட்டும் அதில் எழுதுங்கள். கூடவே, எந்த டேப் கோப்பில் எத்தனை ரெக்கார்டு, என்னென்ன நீளம், எவற்றில் பிழை என்று ஒரு பட்டியல் கோப்பையும் எழுதி வையுங்கள். மூல இமேஜை எழுத முடியாதபடி பூட்டி, அதன் சரிபார்ப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் இதற்கு ஆயத்தக் கருவிகள் உண்டு. ஆனாலும் முதல் தடவை நீங்களே எழுதுங்கள் என்பேன். முப்பது நாற்பது வரியில் முடியும், எழுதியவருக்கு வடிவம் மறக்காது.

உள்ளே என்ன வடிவம்?

ஃபைல் கட்டளையிடம் முதலில் கேட்டுப் பார்க்கலாம். நவீன டார் என்றால் சரியாகச் சொல்லும். ரொம்பப் பழையது என்றால் வெறும் 'தகவல்' என்று கைவிரித்துவிடும். அப்போது நாமே பார்க்க வேண்டியதுதான்.

டார்: டேப் கோப்பின் முதல் 100 பைட்டில் ஒரு கோப்பின் பெயர் தெரியும், அதன்பின் எட்டடிமான இலக்கங்கள் வரும். 257-ஆம் இடத்தில் (இடங்களை 0-இலிருந்து எண்ணுகிறேன்) 'யூஸ்டார்' என்ற அடையாளம் இருக்கும் என்று எல்லா வழிகாட்டிகளிலும் படிப்பீர்கள். அது 1988-இன் போசிக்ஸ் தரத்தோடு வந்தது. டார் பிறந்தது 1979-இன் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில். நடுவில் எழுதிய டேப்புகளில் அந்த அடையாளம் இருக்காது, ஆனாலும் இன்றைய டார் அவற்றைச் சிரமமின்றிப் படிக்கும்.

சிபிஐஓ (டார் போன்ற இன்னொரு தொகுப்பு): எழுத்து வடிவம் என்றால் 070707 என்று கண்ணுக்கே தெரியும். இரும வடிவம் என்றால் முதல் இரண்டு பைட் 199, 113. எதிர் பைட் வரிசையுள்ள கணினியில் எழுதியது என்றால் 113, 199. டம்ப்: 4.2 பிஎஸ்டிக்குப் பின் வந்தவற்றில் 24-ஆம் இடத்திலிருந்து 60012 என்ற எண் இருக்கும். வாக்ஸில் எழுதியிருந்தால் 108, 234 என்று தெரியும். இதை லினக்ஸின் ரெஸ்டோர் கட்டளை படிக்கும், ஊடாடும் முறையில் உள்ளே நடந்து போய் வேண்டிய கோப்பை மட்டும் எடுக்கலாம். ஏழாம் பதிப்பின் டம்பில் அந்த எண் 60011. அதற்கு நேராக எமுலேட்டருக்குப் போய்விடுங்கள்.

லேபிள் டேப்: முதல் ரெக்கார்டு வால்-1 (VOL1) என்ற நான்கு எழுத்தில் தொடங்கும். எழுத்துகளை எண்ணாக்கும் ஆஸ்கி முறையில் 86, 79, 76, 49. ஐபிஎம்மின் எப்சிடிக் முறையில் 229, 214, 211, 241. அடுத்து வரும் ஹெச்டிஆர்-1 (HDR1) லேபிளில் (லேபிள்களில் மட்டும் இடங்களை 1-இலிருந்து எண்ணுங்கள்) 5 முதல் 21 வரையிலான இடங்களில் கோப்பின் பெயர், 42 முதல் 47 வரை தேதி. தேதி வித்தியாசமாக இருக்கும்: ஓர் இடைவெளி, பிறகு 85123 என்றால் 1985-இன் 123-ஆம் நாள், அதாவது மே 3. ஹெச்டிஆர்-2 லேபிளில் 5-ஆம் இடம் ரெக்கார்டு வகை, அடுத்த ஐந்து இடம் பிளாக் நீளம், அதற்கடுத்த ஐந்து உள் ரெக்கார்டின் நீளம். இந்த மூன்றும் பிற்பாடு தேவைப்படும்.

எதிலும் சேராமல் குழப்பமாக இருந்தால் ஒரு சோதனை: ஒவ்வொரு ஐந்தாவது பைட்டும் 16-க்குக் குறைவாகவே இருக்கிறதா? அப்படியென்றால் 36 பிட் கணினியின் டேப். நான்கு பைட்டில் 32 பிட், மீதி நான்கு பிட் ஐந்தாவது பைட்டில். டெக்கின் பிடிபி-10 குடும்பம்.

டாரிலிருந்து ஒரு கோப்பு

டார் என்று உறுதியானால் முதலில் பட்டியல் மட்டும் போடச் சொல்லுங்கள். பிறகு வேண்டிய கோப்பின் பெயரைப் பட்டியலில் இருக்கிறபடியே எழுத்து மாறாமல் கொடுங்கள். முன்னால் புள்ளியும் சாய்கோடும் இருந்தால் அதையும் சேர்த்து. 'கோப்பு இல்லை' என்று டார் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். காலியான கோப்புறையில், சாதாரணப் பயனராக மட்டும் பிரியுங்கள். பழைய டேப்புகளில் சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதைகள் இருக்கும். க்னூ டார் அந்தச் சாய்கோட்டை உதிர்த்துவிடும், எல்லாக் கருவிகளும் அப்படிச் செய்யும் என்று சொல்ல முடியாது. மேக், விண்டோஸ் வட்டுகளில் இன்னொரு வம்பு: பெரிய எழுத்து, சிறிய எழுத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு கோப்புகள் இருந்தால் ஒன்று மற்றொன்றின் மேல் எழுதப்பட்டுவிடும்.

டார் நடுவில் பிழை சொல்லி நின்றால் கையால் எடுக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. தேடும் கோப்பின் பெயரை டேப் கோப்புக்குள் தேடுங்கள். அது 512-இன் மடங்கில் தொடங்கினால் அதுதான் தலைப்பு பிளாக். தலைப்பின் 124-ஆம் இடத்திலிருந்து கோப்பின் அளவு எட்டடிமானத்தில் இருக்கும். பழைய டாரில் முன்னால் இடைவெளிகளும் இருக்கலாம். 1750 என்று இருந்தால் 512, 448, 40 கூட்டி 1000 பைட். தகவல் தலைப்பை அடுத்து, அதாவது 512 பைட் தள்ளித் தொடங்கும். 1000 பைட்டுக்கு இரண்டு பிளாக், எனவே அடுத்த தலைப்பு இங்கிருந்து 1536 பைட் தள்ளி. அங்கே உண்மையிலேயே ஒரு தலைப்பு இருந்தால் கணக்கு சரி. டிடி (dd) கட்டளையால் அந்த 1000 பைட்டை வெட்டி எடுத்துவிடலாம்.

டாருக்கு முந்தைய டிபி

யூனிக்ஸின் ஆரம்பப் பதிப்புகளின் டேப்புகளில் டார் கிடையாது. அதற்கு முன்னோடி டிபி. இதைப் படிக்கும் கட்டளை இன்றைய லினக்ஸில் இல்லை, ஆனால் வடிவம் அழகாக எளிமையானது. கையால் ஒரு கோப்பு எடுத்துப் பழக இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

முதல் பிளாக், அதாவது 0, துவக்க நிரல். 1 முதல் 62 வரையிலான பிளாக்குகள் அட்டவணை. பிளாக்குக்கு எட்டுப் பதிவு, பதிவுக்கு 64 பைட், மொத்தம் 496 பதிவுகள். பதிவின் முதல் 32 பைட் கோப்பின் பாதை. 37-ஆம் இடத்திலிருந்து மூன்று பைட் அளவு, 40-இலிருந்து நான்கு பைட் மாற்றிய நேரம், 44-இலிருந்து இரண்டு பைட் அந்தக் கோப்பு தொடங்கும் பிளாக் எண். 

அளவின் மூன்று பைட்டில் முதலாவது பெரியது. மற்ற இரண்டும் சிறியது முன்னால். 0, 232, 3 என்றால் 232-உடன் 3 முறை 256, ஆக 1000 பைட். பிளாக் எண் 63, 0 என்றால் 63-ஐ 512-ஆல் பெருக்குங்கள்: 32256-ஆம் பைட்டில் கோப்பு தொடங்குகிறது. அவ்வளவுதான். பதிவு சரியானதா என்று பார்க்க, அதன் 64 பைட்டையும் 32 சொற்களாக (இங்கே சொல்லுக்கு இரண்டு பைட்) கூட்டி 16 பிட்டுக்குள் வைத்தால் விடை 0 வர வேண்டும். நேரத்தைப் படிக்கும்போது மட்டும் கவனம்: பிடிபி-11 கணினியில் நான்கு பைட் எண்ணின் பெரிய பாதி முன்னால் வரும், ஆனால் ஒவ்வொரு பாதிக்குள்ளும் சிறிய பைட் முன்னால். 

எல்லா டேப்பிலும் தொகுப்பு இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் விநியோக டேப்பில் முதல் 100 பிளாக் துவக்க நிரல்களுக்கு. அதன்பின் ஆர்கே05 வட்டின் பிரதிகள், ஒவ்வொன்றும் 4000 பிளாக், வரிசையாக. அங்கே வட்டு இமேஜை வெட்டி எடுத்து, அதன் கோப்பு முறைமைக்குள் போய்த் தேட வேண்டும். இந்தப் பழைய யூனிக்ஸ் பதிப்புகளை 2002-இல் கால்டெரா நிறுவனம் தாராளமான உரிமத்தில் வெளியிட்டது. அதனால் இவற்றில் பழகுவதில் உரிமச் சிக்கலும் இல்லை.

லேபிள் டேப்புகள்

ஐபிஎம் டேப் என்றால் ஹெர்குலிஸின் ஹெட்கெட் கருவியிடம் டேப் கோப்பின் எண்ணைச் சொன்னால் அதை மட்டும் எடுத்துத் தரும், வேண்டுமென்றால் ஆஸ்கிக்கு மாற்றியும் தரும். உள்ளே நிரல் மூலம் அல்லது கடிதம் போன்ற எழுத்து இருந்தால் மட்டும் மாற்றுங்கள். இருமத் தகவலை மாற்றினால் மீட்க முடியாமல் பாழாகும்.

கையால் செய்வதானால் ரெக்கார்டு வகைதான் வழிகாட்டி. நிலையான நீளம் என்றால் பிளாக்கை உள் ரெக்கார்டின் நீளப்படி, உதாரணமாக 80, 80-ஆக வெட்டி வரிமுறிவு சேர்த்தால் போதும். டிடி கட்டளை எப்சிடிக் மாற்றத்தையும் இதையும் சேர்த்தே செய்யும். மாறும் நீளம் என்றால் ஐபிஎம் டேப்பில் ஒவ்வொரு பிளாக்குக்கும் முன்னால் நான்கு பைட், அதற்குள் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் முன்னால் நான்கு பைட். முதல் இரண்டில் நீளம், பெரிய பைட் முன்னால், அந்த நான்கு பைட்டையும் சேர்த்த கணக்கு. ஆன்சி டேப்பில் நீளம் நான்கு இலக்க எழுத்தாகவே இருக்கும். பிளாக்கின் கடைசியில் கூரைக்குறிகள் (^) வரிசையாகத் தெரிந்தால் அது இட்டு நிரப்பியது, கோப்பின் பகுதியல்ல.

முடித்ததும் கோப்பின் முடிவில் வரும் ஈஓஎஃப்-1 லேபிளின் 55 முதல் 60 வரையிலான இடங்களைப் பாருங்கள். எழுதியபோது எத்தனை பிளாக் போட்டது என்ற எண்ணிக்கை அங்கே இருக்கிறது. உங்கள் பட்டியலில் இருக்கும் ரெக்கார்டு எண்ணிக்கையோடு ஒத்துப்போனால் நடுவில் எதுவும் தவறவில்லை. ஒன்றிரண்டு குறைந்தால் டேப்பைப் படித்தபோதே விட்டுப்போயிருக்கிறது. விஎம்எஸ் பேக்கப்பில் இதற்கும் ஒரு கைகொடுப்பு உண்டு: வழக்கமாகப் பத்து பிளாக்குக்கு ஒரு உபரி பிளாக் எழுதி வைக்கும், அந்தக் கூட்டத்தில் ஒன்று போனாலும் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு மீட்கலாம்.

கருவி கிடைக்காதபோது

ஏழாம் பதிப்பின் டம்ப், டாப்ஸ்-20-இன் டம்பர் போன்றவற்றுக்கு நிரல் தேடி அலைவதைவிட, அந்த இயங்குதளத்தையே சிம்எச்-இல் ஓட்டி, இமேஜை அதன் டேப் டிரைவில் மாட்டி, அந்தக் காலத்துக் கட்டளையாலேயே எடுப்பது சுலபம். மாட்டும்போது அட்டாச் கட்டளையில் 'படிக்க மட்டும்' என்ற தேர்வைக் கொடுங்கள். இல்லையென்றால் உள்ளே தட்டும் ஒரு தவறான கட்டளை உங்கள் இமேஜின் மேல் எழுதிவிடும்.

எடுத்த கோப்பை எமுலேட்டரிலிருந்து வெளியே கொண்டுவரவும் டேப்பையே பயன்படுத்தலாம். இரண்டாவது டிரைவில் காலி இமேஜ் ஒன்றை மாட்டி, உள்ளே இருக்கும் டாரால் வேண்டிய கோப்பை அதில் எழுதுங்கள். டார் இல்லாத இயங்குதளம் என்றால் அதன் நகலெடுக்கும் கட்டளையால் லேபிள் டேப்பாக எழுதலாம். பிறகு எமுலேட்டரில் அந்த டேப்பைக் கழற்றிவிட்டு, மேலே நீங்கள் எழுதிய பிரிக்கும் நிரலை அதன்மேல் ஓட்டுங்கள். வெளிவந்த கோப்பின் கடைசியில் 0 பைட்டுகள் வரிசையாக இருந்தால், 512-இன் மடங்காக்க நிரப்பியவை. எழுத்துக் கோப்பு என்றால் வெட்டிவிடலாம். பெயர் பெரிய இஸட் என்று முடிந்து, முதல் இரண்டு பைட் 31, 157 என்று இருந்தால் பழைய கம்ப்ரஸ் நிரல் சுருக்கியது. ஜிஜிப் அதை இன்றைக்கும் விரித்துக் கொடுக்கும்.